களஞ்சியத்துச் சேர்வரா, கிளவுட்டா?

யாழ்ப்பாணத்தில் ஓர் உணவு விநியோக நிறுவனத்தின் சேர்வர் (இருப்புக் கணக்கெல்லாம் இருக்கும் பொதுக் கணினி), நெற்வேர்க், கரண்ட் போனதும் பற்றறியில் கைகொடுக்கும் யூபிஎஸ் எல்லாம் ஆறு வருடமாக என் பொறுப்பில். பழைய சேர்வர் தள்ளாடத் தொடங்கியபோது முதலாளி கேட்டார்: "தம்பி, புதுசு வாங்குவமா, இல்லாட்டி எல்லாத்தையும் கிளவுட்டில போடுவமா?" கிளவுட் என்றால் தரவை வேறொரு நிறுவனத்தின் கணினியில் வைத்து இன்ரநெற் வழியாகப் பாவிப்பது. களஞ்சியத்திலேயே இருக்கட்டும் என்றேன். பலருக்கு அது பழைய காலத்துப் புத்தியாகப் பட்டது.

கிளவுட்டின் நன்மை ஊரறிந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் நடுச்சாமத்தில் ஓடவேண்டியதில்லை, முதலில் பெரிய தொகை போடவேண்டியதில்லை. வேகத்திலும் குறை சொல்லமாட்டேன். என்ன, மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேவையான அசூரின் தளம் ஒன்று சென்னையில் இருக்கிறது; பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம். எங்கள் தரவு மட்டும் முதலில் கொழும்புப் பக்கம் இறங்கி, கடலடிக் கேபிள் பிடித்துத்தான் அங்கே போகும்.

கிளவுட்டுக்கு மாதாமாதம் வரும் டொலர் பில்லும் ஒரு காரணம். 2022 மார்ச் தொடக்கத்தில் 20,000 ரூபாவாக இருந்த 100 டொலர் பில், மே மாதத்தில் 36,000 ரூபாவைத் தொட்டிருக்கும். சேர்வரும் இறக்குமதிதான், ஆனால் அந்த அடி ஒருமுறைதான் விழும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட். உறைந்த கோழி, மீன், ஐஸ்கிறீம் எல்லாம் மைனஸ் 18 பாகையில் நிற்கவேண்டும். ஆகவே கணினியே இல்லாவிட்டாலும் எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தே ஆகும். குளிர் அறைக் கொம்பிரசர் குடிக்கும் மின்சாரத்துக்கு முன்னால் சேர்வர் இழுப்பது கொசுறு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது களஞ்சியத்தில் வெளிச்சம் இருந்தது, சேர்வர் ஓடியது. இன்ரநெற் இல்லை! பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றறி சில மணித்தியாலத்தில் படுத்துவிட்டது. கிளவுட்டில் இருந்திருந்தால் எந்தப் பெட்டிக்கு எப்போது காலாவதி, எது முதலில் வெளியே போகவேண்டும் என்று பார்க்க வழியில்லை. நெடுந்தீவுச் சாமான் குறிகட்டுவானில் படகைப் பிடிக்கவேண்டும். லொறி விடிய நாலு மணிக்கே வந்து நிற்கும். லைன் வரட்டும் என்று படகோட்டியிடம் சொல்லமுடியுமா? 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கியபோதும் நாங்கள் இருப்பு எண்ணுவதை நிறுத்தவில்லை.

சரி, பராமரிப்புக்கு வருவோம். இங்கேதான் கிளவுட்காரர் சிரிப்பார்கள், நியாயமாகவே. யூபிஎஸ்ஸின் ஈய அமிலப் பற்றறி 25 பாகை வெப்பத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது; அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். முதலில் சேர்வரைக் கொம்பிரசர் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் ஆகுமுன்னே பற்றறி ஊதிப்போனது. குளிர் அறை வாசலோடு வைப்போமா என்று யோசித்தேன். கதவு திறக்கும் நேரமெல்லாம் அங்கே சுவர் வியர்க்கிறது, விட்டுவிட்டேன். இப்போது மாடியில் ஒரு சின்ன அறை, தனி ஏசி. அப்புறம் மாத்தூசி. கோதுமை மா மூட்டை இறக்கும் நாளில் மாடிவரை வந்து விசிறியில் படியும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் சேர்வர் விசில் அடிக்கத் தொடங்கும்.

முழுக்கக் கிளவுட்டை ஒதுக்கவும் இல்லை. மின்னஞ்சல் அங்கேதான். ஒவ்வொரு இரவும் தரவின் பிரதி பூட்டுப்போட்டு அங்கே போகிறது. ஒத்திகைக்காக ஒருமுறை முழுவதையும் மீட்டெடுத்தேன், ஒரு பகல் பிடித்தது. உண்மையான வைரஸ் தாக்குதல் எங்களுக்கு இன்னும் வரவில்லை, ஆகவே அந்த விஷயத்தில் பெரிய வாய் பேசமாட்டேன். எங்களுக்குக் களஞ்சியமும் ஒன்றுதான். கிளிநொச்சி, வவுனியா என்று ஐந்தாறு இடத்தில் கிளை வைத்திருப்பவர் என்னைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம்.

முதலாளி கடைசியாகக் கேட்டதுதான் குத்தியது: "நீ வெளிநாடு போனா இதை ஆர் பாக்கிறது?" எங்கள் ஊரில் அது வெறும் பகிடி இல்லை. பில் போடும் பொடியனுக்கு இப்போது பற்றறி மாற்றப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவனும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டானாம்.