செட்டிநாட்டு வீட்டில் தங்கப் போகிறீர்களா? அறையைக் கேட்டு வாங்குங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் என நகரத்தார் ஊர்களில் பழைய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள். எல்லாவற்றையும் ‘செட்டிநாட்டு வீடு’ என்றே சொன்னாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. காரைக்குடி பங்களா ஒரு காலத்தில் கிளப்பாக இருந்த இடம். அங்கே போய் வளவை, அதாவது சுற்றிலும் அறைகள் உள்ள நடுமுற்றத்தை, தேடக் கூடாது, சாப்பாட்டுக்காகப் போக வேண்டும். கானாடுகாத்தான் விசாலம் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய ஆர்ட் டெகோ பாணி வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுதான் வேண்டும் என்றால் கடியாபட்டி சிதம்பர விலாஸ், கொத்தமங்கலம் சாரதா விலாஸ் பக்கம் போங்கள்.

பதிவு செய்யும்போது விலைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அறை வளவைச் சுற்றி உள்ளதா, மாடியா, பின்கட்டில் புதிதாகக் கட்டியதா? வளவு அறைகள் குடும்பத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) ஒதுக்கப்பட்டவை, சாமான் வைக்கவும் பூட்டவும் கட்டியவை. சிறியவை, சன்னல் குறைவு, பகலிலும் விளக்கு வேண்டும். ஆனால் பருத்த சுவர் வெயிலை உள்ளே விடாது. மாடி அறைகளில் காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும். சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏசி இல்லாமல் உட்கார முடியாது. படிகள் செங்குத்து, கதவு நிலைகள் தாழ்வு, வாசற்படிகள் உயரம். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குக் கீழ்தளத்தைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். வளவில் ஒருவர் பேசினால் நாலு பக்கமும் கேட்கும். காலையில் பாத்திரச் சத்தத்தில் விழித்துக்கொள்வீர்கள்.

சீரமைப்பு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதைச் சுவர் சொல்லிவிடும். பழைய பூச்சு, சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. நல்ல சுவரில் உள்ளங்கையை வைத்தால் பளிங்குபோல் குளிர்ந்து வழுக்கும். இந்தச் சுண்ணாம்புக்கு ஈரத்தை வெளியே விடும் குணம் உண்டு. அதன்மேல் சிமெண்ட் பூசியோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோ மூடினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் போக வழியின்றி முழங்கால் உயரத்தில் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளித்து உதிரும். பழைய அறைக்குள்ளேயே குளியலறை புகுத்திய இடங்களில் இது சீக்கிரம் வரும். அறைக்குள் நுழைந்ததும் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஈர வாடை அடித்தால் தயங்காமல் வேறு அறை கேளுங்கள். மழைக்காலத்தில் அந்த அறையில் படுக்கை விரிப்புகூட நமத்துப்போகும்.

தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சாயம் வெளுத்து மேல்பரப்பு சொரசொரப்பாகிவிடும், அப்புறம் அந்தப் பளபளப்பு திரும்பாது. வெளுத்த திட்டுகள் தெரிந்தால், வீட்டைப் பராமரிக்கத் தெரியாதவர்கள் கையில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

போக நல்ல மாதங்கள் மார்கழியும் தையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஊர் சுற்ற முடியாது, ஆனால் நாலு தாழ்வாரத்திலிருந்தும் வளவுக்குள் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. அந்த மாதங்களில் கொசுவலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கவுனி அரிசி என்ற கறுப்பரிசி ஊறவே ஓர் இரவு ஆகும். வெண்டைக்காய் மண்டி கேளுங்கள். அரிசி கழுவிய கழனியில் புளி கரைத்து வைப்பது, ஓட்டல்களில் சுலபமாகக் கிடைக்காது. வெள்ளைப் பணியாரத்தைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் ருசி இல்லை.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தால் காரைக்குடி சேர இரவாகிவிடும். விடுதிக்குப் போக வண்டியையும் இரவுச் சாப்பாட்டையும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். திரும்பும் பல்லவன் அதிகாலையிலேயே கிளம்புகிறது. அன்றைக்குப் பணியாரம் கிடைக்காது, இட்லியைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.