பழைய மெஷின்ல ஸ்பீடு ஏத்தித் தர்றேன்னு எவனாவது வந்தா உள்ள விடாதீங்க

மாயவரம், கும்மோணம் பக்கம் பழைய பிரண்ட் லோட் வாஷிங் மெஷின் வச்சிருக்கவங்க இதை ஒரு தடவை படிச்சிருங்க. எங்க வீட்ல இருக்கது 96ல சித்தப்பா குவைத்துலேந்து அனுப்புன மெஷின், இரும்பு மாதிரி இருக்கும், ஒரே குறை ஸ்பின் (துணி பிழியுற சுத்து) நிமிஷத்துக்கு 500 தான், ஐப்பசி அடைமழைல துணி சொட்டச் சொட்ட வெளில வரும். இதுல அம்மா துலா மாசம் பூரா காவேரில முழுகிட்டு தினம் ஒரு ஈரப் புடவையோட வருவாங்க, வீடெல்லாம் கொடி, வீடெல்லாம் ஈர வாடை.

அப்பதான் அந்த மெக்கானிக் வந்தான். "அண்ணே, மோட்டார் புல்லியை, அதான் பெல்ட்டை ஓட்டுற சக்கரத்தை, பெருசா கடைஞ்சு போட்டா 800 ஓடும், புது மெஷின் தோத்துரும்"னான். 4,500 ரூபா. 2,000 ஜிபே, மிச்சம் கைல குடுத்தேன், பில் கேக்கல (என் புத்தியை சொல்லணும்). மொத நாள் துணி அப்படி காஞ்சு வந்துச்சு, அவனும் வீடியோ எல்லாம் எடுத்துக்கிட்டு போனான்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா சட்டைக் காலரை காமிச்சு அழுக்கு அப்படியே இருக்குதேடாங்குறாங்க. கண்ணாடி வழியா பாத்தா துணி மேலேந்து விழவே இல்ல, தோசைக்கல்லுல ஒட்டுன தோசை மாதிரி டிரம்மோட ஒட்டிக்கிட்டு சும்மா சுத்துது. மூணாவது வாரம் ஸ்பின்ல தடதடன்னு மெஷின் நகந்து கதவு வரைக்கும் வந்துருச்சு, பேரிங் போயி, கீழ தண்ணி ஒழுகி, அப்பா வேட்டி பூரா கருப்பு கிரீஸ்.

கும்மோணத்துல மோட்டார் ரீவைண்டிங் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட காமிச்சேன். அவர் பாத்த உடனே சிரிச்சிட்டாரு. "தம்பி, இந்த மோட்டார்ல துவைக்க ஒரு வைண்டிங் (கம்பிச் சுத்து), பிழிய ஒரு வைண்டிங், ஆனா புல்லி ஒண்ணுதான். அதை மாத்தினா ரெண்டு ஸ்பீடும்ல ஏறும்?" துவைக்கிறப்ப நிமிஷத்துக்கு 50 சுத்துனது 80 ஆயிருச்சாம், 46 சென்டிமீட்டர் டிரம்ல 60, 65ஐ தாண்டினாலே துணி மேலேந்து விழாதாம், விழுந்து அடிபட்டாதானே அழுக்கு போகும். அதோட 500ஐ 800 ஆக்கினா ஸ்பீடு 1.6 மடங்குதான், ஆனா டிரம் மேல வர்ற இழுவை அதோட வர்க்கம், ரெண்டரை மடங்கு. பேரிங், ஷாக் அப்சார்பர், உள்ள இருக்க கான்கிரீட் வெயிட்டு எல்லாம் 500க்கு கணக்கு பண்ணி வச்சது, அது என்ன பண்ணும் பாவம்.

சரி பழைய புல்லியையாவது திருப்பி மாட்டிக்கலாம்னு அவனுக்கு போன் பண்ணா, அதை அன்னிக்கே எடைக்குப் போட்டுட்டானாம்! பேரிங் மாத்த இன்னும் 3,000 கேட்டான், "பழைய மெஷின் அண்ணே, நான் என்ன பண்றது"ன்னு வேற. அதுக்கப்புறம் போனே எடுக்கல. 1915க்கு (நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் குடுத்துருக்கேன், கைல இருக்க ஒரே சாட்சி அந்த ஜிபே 2,000 தான். நீங்க எதை ரிப்பேருக்கு விட்டாலும் கழட்டுன சாமானை கைல வாங்கி வச்சுக்கங்க, பில் இல்லாம ஒத்த ரூபா குடுக்காதீங்க.

நேத்து அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை பாத்தேன். எங்க வீட்டு மெஷின் 800ல ஓடுது, பின்னாடி அம்மா புடவை கொடில தொங்குது, கீழ "ஸ்பீடு ஏற்றித் தரப்படும்"னு அவன் நம்பர்.