கொலம்போவைத் திரும்பப் பார்க்க எது சரி: பிரான்ஸ் டிவிடியா, அமெரிக்க ப்ளூ-ரேயா, இணையத்தில் கிடைப்பதா?

கொலம்போ என்பது பழைய அமெரிக்க டிவி தொடர் ஒன்றின் துப்பறியும் போலீஸ்காரர். புதுச்சேரியில் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. பிரான்ஸ் பென்ஷன் வரும் சொல்தா (ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீடுகளில் அவர் ஃபிரெஞ்சு பேசும் போலீஸ்காரர். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கசங்கிய மழைக்கோட்டு பழக்கம், அங்கே டிவியில் எத்தனை முறை மறு ஒளிபரப்புச் செய்தாலும் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. இன்னொரு வகை, ஆங்கிலத்தில் தேடிப்பிடித்துப் பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. இப்போது முதலிலிருந்து திரும்பப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எதில் பார்ப்பது என்பதிலேயே சண்டை. அதனால்தான் இந்த அலசல்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர் உருவாக்கிய பாத்திரம். பீட்டர் ஃபாக் 1968-ல் ஒரு டிவி படத்தில் முதலில் நடித்தார், 1971-லிருந்து 1978 வரை என்பிசி சானலில் தொடராக வந்தது, பிறகு 1989-ல் ஏபிசி சானலுக்கு மாறி 2003 வரை விட்டுவிட்டு வந்தது. மொத்தம் 69 எபிசோடு. அதில் முதல் 45-தான் 70-களின் சரக்கு (1968 படம் உட்பட), நான் பேசுவது அதைப் பற்றி மட்டும். பிற்காலத்து 24-ல் நல்லதும் உண்டு, ஆனால் திரும்பப் பார்க்க மனசு போவது பழசுக்குத்தான்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கொலை செய்தது யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆகவே இரண்டாம் முறை பார்க்கும்போது கெடுவதற்கு எந்த மர்மமும் இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் ஃபாக்கின் முகம், சுருட்டு பிடித்த கை, கதவுவரை போய்த் திரும்பி வருவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த நேரம் எந்தப் பிரதியில் ஒழுங்காக இருக்கிறது? என்னைக் கேட்டால் பிக்சலைவிட இதுதான் பெரிய கேள்வி.

முதலில் சித்தப்பாவின் டிவிடி பெட்டி. இதன் பெரிய பலம், அது ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வருகிறவர்களின் சூட்கேஸில் சீஸ், சாக்லேட்டோடு இதுவும் வந்திருக்கும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய டிவிடி குவியலைக் கிளறினால் ஒன்றிரண்டு சிக்க வாய்ப்புண்டு. எந்த ஊர்ப் பிளேயரில் ஓடும் என்பதற்கு உறையில் மண்டலம் 2 என்று போட்டிருக்கும், இந்தியா மண்டலம் 5. ஆனால் நம்மூரில் விற்ற மலிவு பிளேயர்களில் பல மண்டலமே பார்க்காது, பார்ப்பவற்றிலும் சிலதை ரிமோட்டில் நாலு எண் அழுத்தி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஃபிரெஞ்சு டப்பிங், ஆங்கில மூலம் இரண்டும் இருக்கின்றன. ஃபிரெஞ்சில் ஃபாக்குக்குக் குரல் கொடுத்தவர் செர்ஜ் சொவியோன், ஃபிரெஞ்சு தெரிந்தவர்களைக் கேட்டால் அதுதான் அசல், ஃபாக்கின் சொந்தக் குரல்தான் டப்பிங் மாதிரி இருக்கிறது என்பார்கள். (கார்கூட பெஜோ 403. அமெரிக்கப் போலீஸ்காரருக்கு ஃபிரெஞ்சு கார் கொடுத்ததைச் சித்தப்பா தன் சொந்த வெற்றியாகவே எடுத்துக்கொள்வார்.)

இப்போது குறை. சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பால் (PAL) என்ற அவர்களுடைய டிவி முறையில் விநாடிக்கு 25. இந்த 24-ஐ 25-க்குள் கொண்டுவர அவர்கள் கண்டுபிடித்த சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலு என்பது கேட்கச் சின்ன விஷயம். ஆனால் 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடிகிறது, குரலும் அரைச் சுருதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடுகிறது. ஃபாக்குக்கு அந்தக் கரகரப்புதான் சொத்து, அது லேசாக மூக்கில் ஏறியது போலாகிவிடும்.

"ஏ ஸ்டிச் இன் கிரைம்" எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். லெனார்ட் நிமோய் கொலைகார டாக்டர். அவர் கொலம்போவைப் பார்த்துச் சிரிப்பார். மற்ற எபிசோடுகளில் பெரும்பாலும் பவ்யமாகத் தலை சொறியும் கொலம்போ இங்கே மேஜையில் தண்ணீர்க் கூஜாவை ஓங்கி வைத்துவிட்டு நேருக்கு நேர் குற்றம் சாட்டுவார். எளிதில் கோபம் வராத ஆளுக்கு வந்த கோபம். அந்தச் சிரிப்புக்கும் சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி டிவிடியில் ஒரு நூல் இழை குறைவு. முதல்முறை பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கு, பழகிய பாட்டை யாரோ அவசரமாகப் பாடியது மாதிரி உறுத்தும். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு இதை நிரூபிக்கப் போனேன். "டேய், படத்தப் பாருடா, கடியாரத்த எதுக்குடா பாக்குற" என்றார் சித்தப்பா.

அடுத்து அமெரிக்க ப்ளூ-ரே. 70-களின் 45-ஐயும் கினோ லார்பர் நிறுவனம் ஒரே பெட்டியாகப் போட்டிருக்கிறது. தொடர் எடுத்தது 35 மிமீ ஃபிலிமில், ஆகவே அசலில் விவரம் கொட்டிக்கிடக்கிறது, அந்தக் காலத்து டிவிதான் அதைக் காட்டவில்லை. பால் டிவிடியில் 576 வரி, ப்ளூ-ரேயில் 1080. மழைக்கோட்டின் கையில் இருக்கும் அழுக்கு, பெஜோவின் மங்கிய பெயின்ட், ஃபாக்கின் கண்ணாடிக் கண் வெளிச்சத்தை வாங்கும் விதம் எல்லாம் தெரிகிறது. படம் பழைய சதுர வடிவத்திலேயே இருக்கிறது, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வரும். அதைப் பார்த்து டிவி கெட்டுவிட்டதாக நினைத்து "ஜூம்" போடுகிறவர்கள் தயவுசெய்து ரிமோட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடவும்.

வேகமும் சரி, 24 என்றால் 24. ஸ்பீல்பெர்க் இருபத்து நாலு வயசில் இயக்கிய "மர்டர் பை த புக்" 1971-ல் வந்தது. தொடக்கத்தில் தெருவில் ஒரு கார் வரும், அதற்கு எஞ்சின் சத்தம் இல்லை, வெறும் டைப்ரைட்டர் தட்டும் சத்தம். இதில் அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு எபிசோடுக்கே பெட்டி வாங்கலாம் என்று தோன்றிய நேரம் உண்டு.

ஆனால் தெளிவு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஓடும் கார் என்று நினைத்தது ஸ்டுடியோவில் நிற்பதும், பின்னால் திரையில் ரோடு ஓடுவதும் அப்பட்டம். மேக்கப் தெரியும். அதைவிடப் பெரிய தலைவலி மண்டலம். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. பெட்டி ஏ, இங்கே கடையில் வாங்கும் பிளேயர் பெரும்பாலும் சி. டிவிடி பிளேயரை ஏமாற்றுவது போல இதைச் சுலபமாக ஏமாற்ற முடியாது. எல்லா மண்டலமும் பாடும் பிளேயரைத் தேடி வாங்க வேண்டும், அல்லது கம்ப்யூட்டரில் டிரைவ் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டி விலை, அஞ்சல் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்ந்தால் வீட்டில் விளக்கம் கேட்பார்கள். ஃபிரெஞ்சு குரலை நம்பி வாங்க வேண்டாம், அது வேண்டும் என்பவர்களுக்குப் பழைய டிவிடிதான் கதி.

மூன்றாவது, இணையத்தில் யாரோ ஏற்றிவைத்திருக்கும் பிரதிகள். இலவசம், உடனே கிடைக்கும், அவ்வளவுதான் நல்லது. உரிமைக்காரர் கண்ணில் படாமலிருக்கச் சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுகிறார்கள். ஃபாக்குக்குக் குழந்தையிலேயே எடுத்துவிட்டது வலது கண், இவற்றில் கண்ணாடிக் கண் இடது பக்கம் இருக்கும். பெஜோவின் ஸ்டியரிங் நம்மூர் கார் மாதிரி வலது பக்கம் வந்துவிடும், கொலம்போ கடலூர் ரோட்டில் வந்து இறங்கியது போல. இன்னும் சிலர் அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், அதில் போவது சுருட்டுப் பிடித்த கை. முறையான ஸ்ட்ரீமிங்கில் வந்தால் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் உரிமம் முடிந்தால் பாதித் தொடரில் காணாமல் போகும், அதை நம்பித் திரும்பப் பார்க்கத் திட்டம் போட முடியாது.

இவ்வளவு சொன்னதும், சரி, எப்போதும் ப்ளூ-ரே, எப்போதும் அமெரிக்கா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வந்தால் கதை தலைகீழ். அது 1984-லிருந்து 1994 வரை பிரிட்டனில் கிரனாடா டிவி எடுத்தது, 41 கதைகள். எடுத்தது 16 மிமீ ஃபிலிமில், பிரிட்டிஷ் டிவி வழக்கப்படி விநாடிக்கு 25 ஃபிரேம். ஆகவே பால் டிவிடியில் போட்டால் வேகம் அச்சு அசல். அதையே அமெரிக்க டிவிடிக்கு விநாடிக்கு 30 ஃபிரேமாக மாற்றும்போது, இருக்கிற ஃபிரேம்களைக் கலந்து இட்டு நிரப்பினால் அசைவில் ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். பிரெட் சும்மா இருக்கும் நடிகரா? பேச்சின் நடுவே கையை வெடுக்கென்று வீசுவார், நாற்காலியிலிருந்து துள்ளி எழுவார். அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை தெரிந்தால் எரிச்சல்தான். 16 மிமீ ஃபிலிமில் விவரமும் 35 மிமீ அளவுக்கு இருக்காது, ஆகவே அதிகப் பணம் கொடுத்துப் பெரிய வடிவத்தில் வாங்கினாலும் கொலம்போவில் கிடைக்கிற வித்தியாசம் கிடைக்காது. பிரிட்டிஷ் டிவிடியே போதும். எந்த ஊரில் எடுத்தார்களோ அந்த ஊர்ப் பதிப்பை வாங்கு என்பதுதான் நான் இரண்டையும் பார்த்து வந்து சேர்ந்த இடம்.

ஆக, கொலம்போவை ஆங்கிலத்தில் நன்றாகத் தெரிந்து, திரும்பப் பார்க்கிறவர்கள் ப்ளூ-ரே வாங்கலாம், ஆனால் முதலில் பிளேயர், பிறகு பெட்டி. முதல்முறை பார்க்கிறவர்களும் ஃபிரெஞ்சு காதுள்ள பெரியவர்களும் டிவிடியிலேயே இருக்கட்டும், சித்தப்பாவிடமிருந்து அதைப் பிடுங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

எதை வாங்கினாலும் நம்மூரில் ஒரு வேலை உண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஈரம் சும்மா விடாது. அட்டைப் பெட்டியில் அப்படியே வைத்தால் ஐப்பசி மழை முடிவதற்குள் டிஸ்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். ஈரம் தட்டாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பார்ப்பது. பூஞ்சை பிடித்திருந்தால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழுந்து சரியாக அந்தக் கூஜா காட்சியில் போய் நின்றுவிடும்.