ஃபிரிட்ஜில் ஒட்டும் ‘நாய்க்கு ஆகாதவை’ அட்டை: வாங்கலாம், கையில் பேனாவும் இருக்கட்டும்

நாய் வளர்க்கும் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் அந்த வழவழப்பான அட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் காந்தம், முன்னால் பத்துப் பதினைந்து உணவுப் படங்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. அச்சிடுகிறவர்கள் பலர் என்றாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), காபி, மது, எலும்பு, பால். விருந்தாளியும் குழந்தையும் தட்டில் மிஞ்சியதை நாய்க்குப் போடுமுன் ஒரு கணம் தயங்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அட்டை அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது.

சிக்கல் வேறிடத்தில். நாயின் சொந்தக்காரர் இந்த அட்டையைத் தேடி ஓடுவது, நாய் தின்று முடித்த பிறகு. அப்போது அவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு தின்றால் ஆபத்து, எத்தனை மணி நேரத்தில் தெரியும், உடனே கிளம்ப வேண்டுமா என்பவை. அட்டையில் இவை எதுவும் இல்லை. எல்லாப் பெருக்கல் குறியும் ஒரே அளவு. ஒரு வாய் பாலும் ஒரு பொட்டலம் சர்க்கரையில்லா சூயிங்கம்மும் ஒரே சிவப்பில் நிற்கின்றன.

சாக்லேட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். உள்ளே போனதில் பாதி கழியவே சுமார் 17 மணி நேரம் ஆகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை. 40-50 மில்லிகிராமில் இதயத்துடிப்பு தறிகெடும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு. இனி கணக்கு: பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லேட்டில் 5 (கோகோ விழுக்காடு ஏற ஏற இன்னும் கூடும்), சமையலுக்கான இனிப்பில்லாச் சாக்லேட்டில் 15 அளவில், கோகோ பவுடரில் 20-க்கும் மேல். பத்து கிலோ நாய்க்கு முதல் எல்லை 200 மில்லிகிராம். பால் சாக்லேட் என்றால் 100 கிராம் தின்றால்தான் அதைத் தொடும். கறுப்புச் சாக்லேட்டில் 40 கிராமே போதும், சமையல் சாக்லேட்டில் 13 கிராம். கோகோ பவுடரில் 10 கிராம்கூட வேண்டாம். குவித்தெடுத்த ஒரு மேசைக்கரண்டியிலேயே அந்த எல்லை வந்துவிடும். வெள்ளைச் சாக்லேட்டில் தியோப்ரோமின் இல்லை என்றே சொல்லலாம். அதில் கவலை கொழுப்பும் சர்க்கரையும்தான். அட்டையில் இருப்பதோ பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு சாக்லேட் படம். அந்த இடத்திலேயே நான்கு சிறு கட்டங்களும் நான்கு எண்களும் தாராளமாக அடங்கும். அதைச் செய்யாதது சோம்பேறித்தனம்.

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால்தான் பெரிய ஓட்டை. பழைய அச்சில் இது இருப்பதே இல்லை. புதியவற்றில் ஒரு சூயிங்கம் படத்தோடு முடிந்துவிடுகிறது. மனிதனுக்கு இது தொல்லையில்லாத இனிப்பு. நாயின் கணையமோ இதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும்; ரத்தச் சர்க்கரை சடசடவென்று விழும். கிலோவுக்கு 0.1 கிராமிலேயே இது நடக்கும். 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடலாம். ஒரு சூயிங்கம்மில் கால் கிராம் இருக்கலாம், சில வகைகளில் ஒரு கிராமை ஒட்டியும் இருக்கலாம். ஆகவே ஐந்து கிலோ நாய்க்கு இரண்டு துண்டே போதும். தள்ளாட்டமும் சோர்வும் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். சூயிங்கம்மிலிருந்து சைலிட்டால் மெதுவாக இறங்குவதால் 12 மணி நேரம் வரை தள்ளிப்போவதும் உண்டு. ‘இரண்டு மணி ஆயிற்று, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவது இங்கே பெரிய தவறு.

சூயிங்கம் படம் மட்டும் போட்டால் வாசிப்பவர் சூயிங்கம்மை மட்டும்தான் ஒளித்து வைப்பார். சைலிட்டால் பற்பசையில் இருக்கிறது, வாய் கொப்பளிக்கும் திரவத்தில் இருக்கிறது, மெல்லும் வைட்டமின் மாத்திரையிலும் குழந்தைகளுக்கான சில சிரப்களிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் மோசம், மாத்திரையைப் பொதிந்து கொடுக்க நாம் தேடிப் போகும் வேர்க்கடலை வெண்ணெயில் சில வகைகளிலும் இருக்கிறது. லேபிளில் ‘பிர்ச் சர்க்கரை’ என்றோ ‘இ 967’ என்றோ எழுதியிருந்தாலும் அது இதுதான். சார்பிட்டால், எரித்ரிட்டால் முதலியவை இதே குடும்பப் பெயர் கொண்டவையானாலும் நாயிடம் இந்த இன்சுலின் கோளாறைச் செய்வதில்லை. அதிகம் போனால் வயிறு போகும். இந்த ஒரு வரி எந்த அட்டையிலும் இல்லாததால், ‘சர்க்கரையில்லா’ என்ற சொல்லைப் பார்த்ததும் சிலர் அலறுகிறார்கள், சிலர் கண்டுகொள்வதே இல்லை.

திராட்சையில் மட்டும் அளவு போடாததற்கு அட்டையைக் குறை சொல்ல முடியாது. இங்கே நம்பத்தகுந்த எல்லை கிடையாது. ஒரு நாய் ஒரு குலை தின்றுவிட்டு வாலாட்டும், இன்னொன்றுக்குச் சிறிதளவிலேயே சிறுநீரகம் நின்றுபோகும். டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்ற விளக்கம் 2021-இல் வெளிவந்தது. பழத்தின் ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து அந்த அமிலம் கூடிக் குறைவதால் இந்தக் குழப்பம் புரிகிறது. அந்த அமிலம் மிகுந்த புளியாலும், கேக் செய்யச் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டார் தூளாலும் நாய்களுக்கு இதே பாதிப்பு வந்திருக்கிறது. அட்டைகள் இன்னும் இதைச் சேர்க்கவில்லை. உலர்திராட்சையைத் தனிப் படமாகப் போடாத அட்டைகளும் உண்டு. தண்ணீர் வற்றியதால் எடைக்கு எடை அதில் வீரியம் பல மடங்கு. கேக்கிலும் பன்னிலும் ஒளிந்திருப்பதும் அதுதான். வாந்தி முதல் நாளிலேயே வரும், சிறுநீரகக் கோளாறு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வெளிப்படும். எத்தனை பழம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டிய இடம் இது.

வெங்காயத்துக்கு அளவு உண்டு: உடல் எடையில் 0.5 விழுக்காடு. பத்து கிலோ நாய்க்கு 50 கிராம், அதாவது ஒரு சிறிய வெங்காயம். அது சிவப்பணுக்களை உடைக்கும். வெளிறிய ஈறு, களைப்பு, பழுப்புச் சிறுநீர் எல்லாம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வெங்காயம் தின்ற கதையே வீட்டில் மறந்துபோயிருக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு போகாது. அட்டையில் பச்சை வெங்காயப் படத்தைப் போட்டுவிட்டு, பொடியையும் குழம்பையும் சூப் கட்டியையும் விட்டுவிடுவது தவறான தைரியத்தைத் தருகிறது. பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியம். அகிட்டா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்களுக்கு இவை இரண்டும் இன்னும் சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது.

மறுபக்கம், வீணாகப் பயமுறுத்தும் படங்களும் உண்டு. வெண்ணெய்ப்பழத்தில் உள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவைகளையும் ஆடு மாடு குதிரைகளையும் வாட்டுவது போல நாயை வாட்டுவதில்லை. நாய்க்கு அதில் உண்மையான ஆபத்து குடலில் சிக்கும் கொட்டை, அடுத்தது கொழுப்பு. பால் நஞ்சே அல்ல. மக்கடேமியா கிலோவுக்கு 2 கிராம் அளவில் பின்னங்கால்களைத் தளரவைக்கும், பார்க்கப் பதறும். ஆனால் பெரும்பாலும் இரண்டு நாளில் எழுந்து நடந்துவிடும். அந்தக் கொட்டைக்கே சாக்லேட் பூசியிருந்தால் கதை வேறு.

இந்த மூன்றுக்கும் கொடுத்த இடத்தை, இல்லாத இரண்டுக்குக் கொடுத்திருக்கலாம். ஒன்று, ஈஸ்ட் கலந்து புளிக்க வைத்த பச்சை ரொட்டி மாவு. நாயின் வயிற்றுச் சூட்டில் அது தொடர்ந்து உப்பும், கூடவே சாராயத்தையும் உண்டாக்கும். வயிறு வீங்கிய நாய் போதையில் தள்ளாடும். இன்னொன்று, பூஞ்சணம் பிடித்த ரொட்டி, பாலாடைக்கட்டி, குப்பைத் தொட்டி மிச்சம். அதிலுள்ள நஞ்சு சில மணி நேரத்திலேயே உடம்பெல்லாம் நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும்.

சில அட்டைகளின் அடியில் ‘முதலுதவி’ என்று ஒரு பெட்டி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லியிருந்தால் அந்த அட்டையை வாங்கவே வேண்டாம். கிலோவுக்கு 2-3 கிராம் உப்பே நாய்க்கு நஞ்சு. தின்ற பொருளைவிட மருந்து ஆபத்தாகிவிடும். 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு என்று போட்டிருந்தால், அது மருத்துவர் தொலைபேசியில் அளவு சொன்ன பிறகு செய்ய வேண்டியது என்ற வரியும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். வயிற்றையும் உணவுக்குழாயையும் அது புண்ணாக்கக்கூடும். மயங்கிய நாய், வலிப்பு வந்த நாய், சப்பை மூக்கு நாய், மாவு தின்ற நாய் ஆகியவற்றை வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வயிற்றில் நஞ்சைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் கரி மாத்திரையும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. சைலிட்டாலை அது சரியாகப் பிடிப்பதில்லை. சைலிட்டால் தின்ற நாய் தள்ளாடத் தொடங்கினால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம் என்பதுதான் அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய வரி. அதை அச்சிட்ட அட்டை அரிது.

ஆகவே தீர்ப்பு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குவதானால் மார்க்கர் பேனாவால் எழுதி அழிக்கக்கூடிய பூச்சுள்ளதாக, ஓரத்தில் வெற்றிடம் விட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தாளில் அச்சிட்டு ஒட்டியது சமையலறை ஈரத்தில் ஓரம் சுருளும். ஓரத்தில் எழுத வேண்டியவை: நாயின் எடை, அந்த எடைக்குக் கணக்கிட்ட கறுப்புச் சாக்லேட், கோகோ பவுடர், சைலிட்டால், வெங்காய எல்லைகள் (எல்லாம் கிராமில்), பகலில் அழைக்கும் மருத்துவர் எண், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எண். மருத்துவர் கேட்கப்போகும் நான்கு கேள்விகளையும் கீழே எழுதிவிடுங்கள்: என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, உறை கையில் இருக்கிறதா. குட்டி நாயாக இருந்தால் ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் பழைய எண்களை அழித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.