உப்புக் காற்றுக்கும் துருப்பிடிக்காத கத்தி என்று நம்பி 6,850 ரூபாய் போய்விட்டது

நேற்று இரவு, கத்தியை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இனி பேசிப் பார்க்க வழியில்லை. கடலோரத்தில் வேலை செய்கிற வேறு யாராவது இதே வலையில் விழுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு எந்த எஃகு தாங்கும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு தூத்துக்குடி. மீன் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். கையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். நைலான் கயிறு அறுக்க, ஐஸ் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை வெட்ட, சாக்கு வாயைப் பிரிக்க என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது எடுப்பேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். கொண்டல் அடித்தால் சட்டைப் பையில் இருக்கிற சாவியே பிசுபிசுக்கும். பஜாரில் வாங்கிய கத்திகள் மூன்று மாதத்தில் மடங்கும் இடத்தில் துரு ஏறி இறுகிப்போகும். இந்தத் தடவை நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இரண்டு மாதம் பணம் சேர்த்தேன்.

முகாம் போடுபவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள். 'விஜி-10' ஜப்பானிய எஃகு, விலை 6,850 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். இந்த எஃகைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். ஜப்பானில் டகேஃபு என்ற நிறுவனம் செய்வது. குரோமியம் 15 சதவீதம் அளவுக்கு இருக்கும், கார்பன் 1 சதவீதம், கொஞ்சம் கோபால்ட். இப்படிப் படித்திருந்தும் ஏமாந்திருக்கிறேன் என்பதுதான் தாங்க முடியவில்லை.

உடனே பணம் போடவில்லை. "நான் இருப்பது கடற்கரை, தாங்குமா?" என்று கேட்டு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கடைக்காரரே போன் செய்தார். "அண்ணே, நான் ராமேஸ்வரம் பக்கம்தாண்ணே. உப்புக் காத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா? எங்கப்பா வலை அறுக்க வச்சிருந்த கத்தியெல்லாம் துருவாப் போனதப் பார்த்துதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன். நம்ம கடற்கரைப் பையன், நமக்கே பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் கத்தியைப் போட்டு வைத்த வீடியோ ஒன்றும் அனுப்பினார். அன்று இரவே 6,850 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் பார்சல் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாம்பல் நிற அலகு, அதில் லேசரில் பொறித்த எழுத்து, மேலே கெட்டியாக எண்ணெய். "பத்து நாளைக்குத் தண்ணியில கழுவாதீங்கண்ணே, துடைக்கவும் வேணாம். கம்பெனி எண்ணெய் செட் ஆகட்டும்" என்றார். சரி என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன். அவர்களிடம் பொருளைத் திருப்பித் தர ஏழு நாள்தான் அவகாசம். அந்தப் பத்து நாள் கணக்கு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

பதினோராம் நாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். மறுநாள் சாயங்காலம் திறந்து பார்த்தால், பொறித்த எழுத்து மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. விஜி-10 என்ற அந்த எழுத்துகளே துருவாக நிற்கின்றன! மேல்பூச்சை லேசர் சுட்டு எடுத்த கோடு வழியாக உள்ளே இருந்த இரும்பு வெளியே வந்திருக்கிறது. மடங்கும் இடத்துத் திருகைச் சுற்றியும் புள்ளி புள்ளியாகத் துரு.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "அது துரு இல்லண்ணே, பாட்டினா. நல்ல ஸ்டீலுக்கு அப்படித்தான் வரும்" என்று பதில். பாட்டினா என்பது கார்பன் எஃகு கறுத்துப்போகும் மேல்படிவம். 15 சதவீதம் குரோமியம் இருக்கிற எஃகில் இரண்டே நாளில் அது எப்படி வரும் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துருவைத் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்படி மேடையில் காய வைத்திருந்தேன். அம்மா அதை எடுத்து வாழைக்காய் நறுக்கிவிட்டார். நாலு துண்டுதான் போட்டிருப்பார், கூர்முனை ஓரம் கருநீலமாக மாறிவிட்டது. காயிலும் அதே கறை. "ஏலே, இது எவர்சில்வர் இல்லல. நம்ம அருவாமனை மாதிரி வெறும் இரும்பு" என்றார். நான் இணையத்தில் இரண்டு மாதம் படித்ததை அம்மா ஒரு வாழைக்காயில் சொல்லிவிட்டார். காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நல்ல எவர்சில்வர் கத்தி அப்படிக் கறுப்பதில்லை.

அப்புறமும் மனம் ஆறவில்லை. பழைய இரும்பு யார்டில் வேலை பார்க்கும் நண்பனிடம் கொண்டு போனேன். வருகிற எவர்சில்வர் 304 ரகமா 202 ரகமா என்று பார்க்க அங்கே துப்பாக்கி மாதிரி ஓர் எக்ஸ்-ரே கருவி வைத்திருக்கிறார்கள். நகைக்கடையில் தங்கத்தைச் சோதிப்பதும் இதே முறையில்தான். மேல்பூச்சை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தான். கார்பன் அளவு அதில் தெரியாது, ஆனால் குரோமியம் தெரியும். திரையில் வந்தது 0.4 சதவீதம். எவர்சில்வர் என்று சொல்லவே குறைந்தது 10.5 வேண்டும். "மாப்ள, ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்" என்றான். 6,850 ரூபாய்!

அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்க மெயின்டெனன்ஸ் சரியில்ல" என்றார். மறுநாள், "ரிட்டர்ன் டைம் முடிஞ்சுபோச்சு." துடைக்காதே, கழுவாதே என்று சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டால், வேறு யாரோ போனை எடுத்து, "சார் வெளியூர் போயிருக்கார், வந்ததும் பேசுவார்" என்கிறார். நான்கு நாள் இதே பாட்டு. பாதிப் பணமாவது கொடுங்கள் என்று நேற்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பிளாக்.

எஃகு பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று தொடங்கினேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை, அவசரமாக இவ்வளவு.

எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுப்பது குரோமியம். உப்பு அந்தப் படலத்தைக் குத்திக் குழி பறிக்கும். டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும், கார்பன் 1.5 சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் ஒரு நல்ல பங்கை அது பிடித்துக்கொள்கிறது, துருவைத் தடுக்க மிச்சம் போதாது. கடற்கரைக்கு டி2 வேண்டாம், 1095 என்ற வெறும் கார்பன் எஃகு வேண்டவே வேண்டாம். ஸ்வீடன்காரர்களின் 14சி28என், 12சி27 என்ற எஃகு ரகங்கள் இரண்டும் நம் ஈரத்தைப் பெரும்பாலும் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். உப்புத் தண்ணீரிலேயே கை இருப்பவர்களுக்கு ஹெச்1 அல்லது எல்சி200என் என்ற எஃகு. ஹெச்1 கூர் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். எதை வாங்கினாலும் நல்ல தண்ணீரில் அலசி, மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கத்திக்குப் போடும் எவர்சில்வரும் ஒட்டும். கத்தி வந்த அன்றே எண்ணெயைக் கழுவிவிட்டு வாழைக்காயையோ வாழைப்பூவையோ நறுக்கி, அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். கத்தியின் அலகு கறுத்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பில் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் 'மடக்குக் கத்தி - 1, ரூ. 6,850' என்று மட்டும்தான் இருக்கிறது, எஃகின் பெயரே இல்லை. வாட்ஸ்அப் பேச்சை வைத்துத்தான் இனிப் போராட வேண்டும். நீங்கள் வாங்கும்போது எஃகின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பணம் போடாதீர்கள்.