40 கல் இருக்கும் பெட்டி, அதில் பாதி எங்கள் ஊர்த் தெருவிலேயே கிடைக்கும்

காட்பாடி பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' பாடம் வரும்போதெல்லாம் போர்டில் மூன்று கட்டம் போட்டு, தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுவதுதான் என் வழக்கம். இந்த வருடம் கையில் கொடுத்துக் காட்டலாம் என்று சொந்தக் காசு போட்டு, லேப் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போன் போட்டு, பாறை-கனிமம்-புதைபடிவப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். கூரியர் சேர்த்து 2,400 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், ஏன் என்று கீழே தெரியும். இதே மாதிரி பெட்டியைப் பல பேர் விற்கிறார்கள், அதனால் வாங்க நினைக்கிறவர்களுக்கு இது உதவும்.

மரப்பெட்டி, உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி 40 துண்டு. கூடவே ஒரு லென்ஸ், ஒரு காந்தம், மெருகு போடாத வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, கல்லில் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சின்ன ஆசிட் பாட்டில், பூமியின் வரலாறு என்று ஒரு சார்ட். ஆசிட் பாட்டில் வழியிலேயே ஒழுகிக் காலியாகி ஸ்பாஞ்சை அரித்திருந்தது. அதற்குப் பதிலாகப் பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், எலுமிச்சம்பழமே போதும். லேபிள் எல்லாம் இங்கிலீஷில் மட்டும், அதிலும் பாதி பசை விட்டு உதிர்ந்திருந்தது. எது எந்தக் குழிக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளைத் தட்டு ஒன்றுக்காகவே பெட்டி வாங்கலாம். ஹெமடைட் என்ற இரும்புத் தாதுத் துண்டு பார்க்க இரும்பு மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளக்கும், தட்டில் இழுத்தால் காவி நிறத்தில் கோடு விழும். பைரைட் தங்கம் மாதிரி மின்னும், இழுத்தால் கருப்பாகக் கோடு. நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான் என்றதும், "அப்போ இது கவரிங் சார்" என்று முடித்துவிட்டாள் ஒரு பெண். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. தட்டு உடைந்தால் கவலை வேண்டாம், டைல்ஸ் துண்டைத் திருப்பி மெருகில்லாத பின்பக்கத்தில் இழுத்தால் அதே கோடு வரும்.

இப்போது வில்லங்கம். 7ஆம் நம்பர் குழியில் குவார்ட்ஸ் என்று லேபிள் போட்ட வெள்ளைக் கல். மோஸ் கடினத்தன்மை அளவில் டால்க் 1, வைரம் 10, குவார்ட்ஸ் 7, அதனால் இரும்பு ஆணியால் இதைக் கீற முடியாது என்று பெருமையாகச் சொல்லி ஆணியைக் கொடுத்தேன். பின் பெஞ்சில் இருந்து குரல், "சார், இது இன்னா சார் கீறுது?" வாங்கிப் பார்த்தால் ஆழமாகவே கீறியிருக்கிறான், ஓரத்தில் மாவு மாதிரி தூள் நிற்கிறது. அந்தத் தூளில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்தது. உடைந்த ஓரம் வேறு சாய்சதுரமாக இருக்கிறது. சுத்தமான கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமம், கடினத்தன்மை 3. கடைக்காரர் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார். அப்படியென்றால் உண்மையான குவார்ட்ஸ் எப்படி இருக்கும் என்ற கேள்வி வந்ததும், கல் உடைக்கும் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் கிரவுண்டுக்கு ஓடி இரண்டு கல்லைப் பொறுக்கி வந்தான். "எங்க ஆயா இத வெங்கச்சாங்கல்லுன்னு சொல்லும் சார்." ஆணி அதில் கீறவில்லை, ஆணியின் இரும்புதான் கல்லில் சாம்பல் கோடாக ஒட்டியது. கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி இரண்டையும் அழுத்தி உரசினோம், கல்லுக்குள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து போனது. வகுப்பு போட்ட சத்தத்தில் ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதில்தான் எனக்கு இந்தப் பெட்டி மேல் முழுத் திருப்தி இல்லாமல் போனது. 40இல் 18 துண்டு பாறைகள். நைஸ் (gneiss) என்பது வரிவரியாக இருக்கும் உருமாறிய பாறை, கட்டைவிரல் அளவுத் துண்டில் அந்த வரி எங்கே தெரியும்? நம் ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளே நைஸும், கிரானைட் மாதிரி இருக்கும் சார்னோக்கைட் என்ற கருமையான பாறையும்தான், ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில் நின்று பார்த்தால் கருப்பும் வெள்ளையுமாக ஆள் உயரத்துக்கு வரி ஓடும். பெட்டியில் சார்னோக்கைட்டே இல்லை, அது இன்னும் கொடுமை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது, கல் போனதோ மெட்ராஸ் பக்கத்தில் இருந்து. கிரானைட் துண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிரானைட் கடை வாசலில் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஒரு பக்கம் பாலிஷ் போட்டிருப்பதால் படிகங்கள் தெளிவாகத் தெரியும். சமையல் மேடைக்குப் போடும் பிளாக் கிரானைட் பெரும்பாலும் கிரானைட்டே கிடையாது, டாலரைட். பூமிக்குள் விரிசல் வழியாக ஏறி சீக்கிரம் ஆறிய பாறைக் குழம்பு, அதனால் படிக மணி பொடியாக இருக்கும். ஆழத்தில் நிதானமாக ஆறியது கிரானைட், மணி பெரிசு. இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் தீப்பாறைப் பாடம் அங்கேயே முடிந்தது. காந்தத்தை ஒரு பாலிதீன் கவரில் போட்டுப் பாலாற்று மணலில் புரட்டுங்கள், கருப்பு கருப்பாக மாக்னடைட் என்ற இரும்புத் தாது ஒட்டிக்கொண்டு வரும். கவரை உருவினால் காகிதத்தில் கொட்டிவிடும்.

சூடுபடுத்தினால் பொரியும் வெர்மிகுலைட் என்ற கனிமமும் பெட்டியில் இல்லை. பழைய வடஆற்காட்டில், இப்போதைய திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் வெட்டி எடுக்கிறார்கள், மாடித்தோட்டத்துக்கு மூட்டையில் விற்பது அதைத்தான், ஏற்கனவே சூடுபடுத்திப் பொரித்தது. சூடுபடுத்தாத துகளை அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க காக்காப்பொன் மாதிரி தட்டையாக இருந்தது, இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டியதும் ஒவ்வொரு துகளும் ஆர்மோனியப் பெட்டி மாதிரி விரிந்து புழுவாக நெளிந்தது. லத்தீனில் புழு என்ற சொல்லில் இருந்துதான் பெயரே வந்ததாம். உள்ளே அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிய தண்ணீர் ஆவியாகித் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

புதைபடிவம் ஆறு. கல்மரத் துண்டு நன்றாக இருக்கிறது, வளையம் தெரிகிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இதைப் பெரிய பெரிய கட்டையாகவே பார்க்கலாம், சுமார் 2 கோடி வருடப் பழசு, ஆனால் அங்கே இருந்து ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது. அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடு உள்ள கடல் உயிரி) என்று கொடுத்தது பிளாஸ்டர் அச்சு. அச்சு என்று எங்கேயும் எழுதவில்லை, நகத்தால் சுரண்டினால் பிள்ளையார் பொம்மை மாதிரி வெள்ளை வருகிறது.

சார்ட் வேஸ்ட். டைனோசருக்கு முக்கால்வாசி இடம் கொடுத்துவிட்டு முதல் 400 கோடி வருடத்தை ஒரு விரல் அகலப் பட்டையில் அடைத்திருக்கிறார்கள். அதைச் சுருட்டி வைத்துவிட்டு 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் கயிறு எடுத்துக் கிரவுண்டில் விரித்தோம். பூமிக்கு 454 கோடி வயது, அதனால் ஒரு மீட்டருக்கு 10 கோடி வருடம். ஆரம்பத்தில் இருந்து 20 மீட்டர் நடந்த பிறகுதான் நம் மலைப் பாறைகள், சுமார் 250 கோடி வயது. டைனோசர் அழிந்தது கடைசி முனைக்கு 66 சென்டிமீட்டர் முன்னால். நம் மனித இனம் கடைசி 3 மில்லிமீட்டர். வேலூர் கோட்டையை எங்கே சார் வைக்கிறது என்று கேட்டார்கள், 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்கு அந்தக் கயிற்றில் நூலிழை அகலம்கூட இடம் கிடையாது.

5க்கு 3 தருகிறேன். பாறையே இல்லாமல் கனிமம் மட்டும் 15, 20 துண்டு உள்ள சின்னப் பெட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். ஃப்ளோரைட், கந்தகம், ஜிப்சம் போன்றவற்றுக்காகத்தான் காசு, மற்றதை ஊரிலேயே பொறுக்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போன் செய்து 7ஆம் நம்பர் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டும் வெள்ளையாத்தானே சார் இருக்கு?" என்றார், அப்புறம் மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த லேபிளைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், இப்போது ஏழாவது படிக்கும் பிள்ளைகள் அடுத்த வருடம் ஆணியோடு வருவார்கள்.