வேர்டில் சார்ட்: படம் சரி, பின்னாலிருக்கும் தாளைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை என்றால் வரவு செலவு சார்ட் ஒன்றாவது இருக்கும். அதை மைக்ரோசாஃப்ட் வேர்டிலேயே (விண்டோஸில், 2016-உம் அதற்குப் பிந்தையவையும்) போடுவது எவ்வளவு தோது? வரைவதில் குறை சொல்ல அதிகம் இல்லை. எண்களைக் கையாளும் இடத்தில்தான் காலை வாரிவிடும்.

இன்செர்ட், பிறகு சார்ட் என்று போனால் படத்தோடு சிறு தாள் ஒன்றும் திறக்கும். அதில் நான்கு வகை, மூன்று வரிசை என்று மாதிரி எண்கள் இருக்கும். வேண்டாததை அழித்தால் மட்டும் போதாது. எண்களைச் சுற்றி இருக்கும் நீலக் கோட்டின் மூலையைப் பிடித்து உங்கள் எண்கள் வரைக்கும் சுருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தில் காலி இடமும் லெஜண்டில் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற குறிப்பில்) ‘சீரிஸ் 3’ என்ற பேரும் அப்படியே நிற்கும்.

நம் ஊர்க் கணினிகளில் பெரிய வம்பு தசமப் புள்ளி. விண்டோஸ் ‘இங்கிலீஷ் (சவுத் ஆப்பிரிக்கா)’ அமைப்பில் இருந்தால் ரேண்டுக்கும் சென்ட்டுக்கும் நடுவே அது எதிர்பார்ப்பது காற்புள்ளி. மண்டப வாடகையை 48250.50 என்று அடித்தால் அது எண்ணே இல்லை, வெறும் எழுத்து. சார்ட் அதைப் பூஜ்யமாக வரையும், பிழைச் செய்தி எதுவும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி: எண் கலத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். 48250,50 என்று அடித்தால் தீர்ந்தது. எல்லோரும் புள்ளியே போடுவார்கள் என்றால் கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ் போய் டெசிமல் சிம்பலை மாற்றுங்கள். ஆனால் அது எல்லா மென்பொருளையும் பாதிக்கும்.

தமிழ்ப் பெயர்கள் நீளம். ‘காவடித் திருவிழா அன்னதானம்’ என்பதை நெடுக்குப் பட்டைக்கு அடியில் போட்டால் வேர்ட் அதைச் சாய்த்துவிடும், கழுத்தை ஒடித்துத்தான் படிக்க வேண்டும். கிடைமட்டப் பட்டைக்கு மாறுங்கள். அப்போது வரிசை தலைகீழாகும். பெயர்கள் இருக்கும் அச்சை இரட்டைக் கிளிக் செய்து ‘கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ டிக் செய்தால் நேராகும், ஆனால் எண்கள் மேலே தாவிவிடும். அதே பலகத்தில் ‘அட் மேக்ஸிமம் கேட்டகரி’ தேர்ந்தால் கீழே இறங்கும். எழுத்துரு நிர்மலா யுஐ போதும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் 92 000 ரேண்ட், இந்த வருஷம் 96 000 என்றால், வேர்ட் தானாக அமைக்கும் அச்சு 0-இல் தொடங்காது. இரண்டாவது பட்டை பல மடங்கு உயர்ந்து நிற்கும், கூட்டத்தில் கேள்வி கிளம்பும். ஃபார்மேட் ஆக்ஸிஸில் மினிமத்தை 0 என்று நீங்களே அடித்துவிடுங்கள். 3டி வட்டப்படமும் இதே ரகம், முன்னால் இருக்கும் துண்டைப் பெரிதாகக் காட்டும். அதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறார்களோ!

சார்ட் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிந்தால் படத்தில் கோளாறு இல்லை. அந்தப் பத்தியின் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருக்கிறது. சிங்கிள் ஆக்கினால் முழுதும் வெளியே வரும்.

எக்செலிலிருந்து ஒட்டும்போதுதான் உண்மையான ஆபத்து. ஒட்டும் வழிகள் ஐந்து. சும்மா ஒட்டினால் எக்செல் கோப்போடு இணைப்பு விழும். வேர்ட் கோப்பை மட்டும் மெமரி ஸ்டிக்கில் கொண்டுபோனால் அங்கே எண்களைத் திருத்த முடியாது. ஃபைல், இன்ஃபோவில் ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ திறந்து எக்செல் கோப்பு இருக்கும் இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். ‘எம்பெட் வொர்க்புக்’ தேர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சார்ட் இருந்த தாள் மட்டுமல்ல, அந்த எக்செல் கோப்பின் எல்லாத் தாள்களும் வேர்டுக்குள் போய்விடும். நன்கொடையாளர் பெயர், அடையாள எண், கைபேசி எண் பக்கத்துத் தாளில் இருந்தால், மின்னஞ்சலில் அறிக்கை பெற்ற எவரும் ‘எடிட் டேட்டா’ அழுத்திப் பார்க்கலாம். 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கும் போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் இது சங்கத்தின் தலையில் விழும் பொறுப்பு. வெளியே அனுப்பும் அறிக்கையில் ‘பிக்சர்’ என்றே ஒட்டுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசம். ஆவணத்தில் இருக்கும் அட்டவணைக்குள் கர்சரை வைத்து இன்செர்ட், சார்ட் கொடுத்தால் அந்த எண்களையே எடுத்துக்கொள்ளும். அட்டவணையும் படமும் முரண்படாமல் இருக்க இதைவிட நல்ல வழி வேர்டில் இல்லை. ஆனால் அழகுபடுத்த வேர்ட் அளவுக்கு வசதி கிடையாது. ரைட்டரில் செய்ததை வேர்டில் திறந்தால் எழுத்தளவும் லெஜண்டும் இடம் மாறலாம், எனவே கமிட்டியில் எல்லோரும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் நகலெடுப்பதாக இருந்தால் நீலமும் ஆரஞ்சும் ஒரே சாம்பலாகிவிடும். பட்டையைத் தேர்ந்து ஃபார்மேட் டேட்டா சீரிஸ், ஃபில், பேட்டர்ன் ஃபில் போய் ஒன்றுக்குக் கோடு, மற்றதற்குப் புள்ளி கொடுங்கள். ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஓட்டுங்கள்.